மலையகத்து வெளிச்சத்தில் சின்னப் பிள்ளைகளைப் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளைப் பக்கத்துப் பெற்றோரும், புதிதாகக் கேமரா பிடிக்கும் தம்பி தங்கைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். கைக்குழந்தையிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை, பிளாஷ் இல்லாமல், வீட்டுக்கு வெளியே எடுப்பது பற்றித்தான் எல்லாம். எந்தக் கேள்விக்கும் என் பதில் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும்: பிள்ளையின் முகத்தில் விழும் வெளிச்சத்தை முதலில் பாருங்கள், பின்னால் இருக்கும் மலையை அப்புறம் பார்க்கலாம்.

எந்த நேரம் நல்லது? விடியற்காலையிலேயே பிள்ளையை எழுப்பிக் கிளப்ப வேண்டுமா?

வேண்டாம். சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரமும் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும்தான் பொன்னான நேரம் என்று எல்லாப் பாடத்திலும் சொல்வார்கள். குளிர்நாடுகளுக்கு அது பொருந்தும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேர்மேலாக, மணிக்கு 15 பாகை வரை ஏறிவிடும். அந்த இளமஞ்சள் வெயில் சட்டென்று தீர்ந்துபோகும். போதாததற்கு மலைமுகடு வேறு குறுக்கே நிற்கிறது. சூரியன் வருடம் முழுக்க 5.50க்கும் 6.30க்கும் இடையில்தான் உதிக்கிறது. ஆனால் பள்ளத்து லயத்தின் (தோட்டத்து வரிசை வீட்டின்) வாசலுக்கு வெயில் வந்து சேர ஏழரை மணிகூட ஆகலாம். வரும்போதே அது முற்றின வெயிலாகத்தான் வரும்.

இதில் நமக்கு நட்டமில்லை. வெயில் வாசலைத் தொடும் முன்பு வானம் முழுக்க வெளுத்து, நிழலே விழாத ஒரு வெளிச்சம் இருக்கும். பிள்ளை கண்ணைச் சுருக்காது, கன்னத்தில் கறுப்பு விழாது. உங்கள் வீடு எந்தப் பக்கத்துச் சரிவில் இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். மேற்குப் பார்த்த சரிவில் காலை நிழல் நெடுநேரம் நிற்கும். கிழக்குப் பார்த்த சரிவில் பின்னேரம் நான்கு மணிக்கே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும், அதற்குப் பிறகு இருட்டும் வரை நல்ல வெளிச்சம் கிடைக்கும்.

அதைவிட முக்கியம் பிள்ளையின் நேரம். தூங்கி எழுந்து, பால் குடித்து, வயிறு நிறைந்து விளையாடத் தொடங்கும் நேரம் காலை ஒன்பது மணி என்றால் ஒன்பதுக்கே எடுங்கள். வெளிச்சத்துக்கு வழி செய்துகொள்ளலாம். தூக்கக் கலக்கத்தில் அழும் பிள்ளைக்கு எந்த வெளிச்சமும் உதவாது.

நடு மத்தியானத்தில் எடுக்க வேண்டி வந்தால்?

இஸ்தோப்புக்கு, அதாவது வீட்டின் முன் திண்ணைக்குப் போங்கள். இந்தக் கேள்வி பதில் முழுவதிலும் நான் அடித்துச் சொல்லும் விஷயம் இதுதான்.

ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களிலும், ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் இலங்கையின் தலைக்கு நேர்மேலே வரும். நுவரெலியாவில் அது 12 மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில். சித்திரை வருடப் பிறப்பும் வசந்த காலக் கொண்டாட்டமும் அந்த ஏப்ரலில்தான் வருகின்றன. எல்லாரும் புதுச் சட்டை போட்டு, விக்டோரியா பூங்காவில் பூப்பாத்தி முன்னால் பிள்ளையை நட்டநடு வெயிலில் நிறுத்துகிறார்கள். நெற்றி வெளுத்து, கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழி விழுந்து, மூக்குக்குக் கீழே மீசை மாதிரி நிழலோடு படம் வரும்.

லயத்து இஸ்தோப்பில் தலைக்கு மேல் தகரக் கூரை. மேலிருந்து வரும் வெயிலை அது தடுத்துவிடும். முன்பக்கம் திறந்திருப்பதால் வெளிச்சம் நேராக முகத்துக்கு வரும். கூரை நிழல் முடியும் கோட்டிலிருந்து ஓர் எட்டு உள்ளே பிள்ளையை உட்கார வையுங்கள், முகம் வாசலைப் பார்க்கட்டும். நீங்கள் வாசல் பக்கத்தில், வெளிச்சத்தை மறைக்காமல் கொஞ்சம் ஒதுங்கி, குந்தி உட்காருங்கள். வாசல் சீமெந்துத் தரையாக இருந்தால் இன்னும் நல்லது. தரையில் பட்ட வெயில் கீழிருந்து எழும்பித் தாடைக்கும் கண்ணுக்கும் வெளிச்சம் கொடுக்கும். பிள்ளையின் கருவிழியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வாசல் முழுதும் அதில் சின்னதாக ஒரு வெள்ளைக் கட்டமாகத் தெரியும். அது தெரிந்தால் வெளிச்சம் சரி. தெரியாவிட்டால் பிள்ளையைக் கொஞ்சம் திருப்புங்கள், அல்லது வாசல் பக்கம் நகர்த்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. மழைக்காக இஸ்தோப்புக்கு மேல் நீலத் தறப்பாள் கட்டியிருந்தால் முகமும் நீலமாகத்தான் வரும். அதைப் பிறகு திருத்துவது பெரும்பாடு. பக்கத்து வீட்டு இஸ்தோப்பைக் கேளுங்கள், யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

பனி மூடினால் படம் சாம்பலாக வருகிறதே?

கேமரா தப்பாகக் கணக்குப் போடுகிறது. எதிரே எல்லாம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து, வெளிச்சம் அதிகம் என்று நினைத்துத் தானாகக் குறைத்துவிடுகிறது. கேமராவில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, கூட்டல் 0.7 அல்லது 1 வரை ஏற்றுங்கள். போனில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுத்தால் போதும்.

மற்றபடி பனிமூட்டம் நமக்குக் கிடைத்த கொடை. ஸ்டூடியோக்காரர் வெள்ளைத் துணி கட்டி விளக்கை மிருதுவாக்குவார். இங்கே அதை மலை முழுக்கக் கட்டிவிட்டிருக்கிறது. கறுத்த முகத்தில் உள்ள நிற வேறுபாடுகள், கன்னத்துச் செம்மை, புருவத்தின் பூமுடி எல்லாம் பனி வெளிச்சத்தில் பிடிபடுவதுபோல் வெயிலில் பிடிபடாது.

ஆனால் கிட்டப் போக வேண்டும். உங்களுக்கும் பிள்ளைக்கும் இடையில் பனி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு முகம் மங்கும். ஆறேழு அடிக்குள் நின்றால் முகம் துலக்கமாகவும், பின்னால் உள்ள நிழல் மரம் கரைந்தும் வரும். தூரத்தில் நின்று ஜூம் பண்ணினால் எல்லாமே கரையும். கேமராவும் எங்கே போகஸ் பண்ணுவது என்று தடுமாறும். பிள்ளையின் ஸ்வெட்டர் விளிம்பு மாதிரி அழுத்தமான கோடு உள்ள இடத்தில் போகஸ் பிடியுங்கள், அது முகத்துக்குச் சமதூரத்தில் இருக்கட்டும். வெள்ளை உடுப்பு பனியில் காணாமல் போகும். சிவப்பு, கடும் மஞ்சள், கடும் நீலம் நன்றாக எழும்பும்.

மேகமூட்டமான நாளில் கண்ணுக்குக் கீழே ஏன் கறுப்பு விழுகிறது? வெயிலே இல்லையே?

மேகம் மூடினாலும் வெளிச்சம் அதிகம் வருவது தலைக்கு மேலிருந்துதான். இஸ்தோப்புக்குச் சொன்னதே இதற்கும். மேலே ஏதாவது மறைப்பு இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். இல்லையென்றால் பிள்ளை கொஞ்சம் மேலே பார்க்கட்டும். “அங்க பாருடா, கொண்டைக்குருவி!” என்றால் போதும்.

எந்த மாதத்தில் எந்தப் பக்கம்?

மே தொடக்கம் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், நோர்வுட், மஸ்கெலியாப் பக்கம் நாள் முழுக்க இருட்டிக்கொண்டு தூறும். அதே மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம், ஊவாவில், வெயில் காயும். ஆனால் ஹப்புத்தளை, பண்டாரவளையில் காற்று தலைமுடியைப் பிய்த்துவிடும், பெண் பிள்ளைகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிடுவது புத்தி. ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் இடிமழை நிச்சயம், காலையில் முடித்துக்கொள்ளுங்கள். மார்கழி வாக்கில் பதுளைப் பக்கம் மழை. தை நடுவிலிருந்து பங்குனி வரை ஹட்டன், நுவரெலியாப் பக்கம் காலைகள் தெளிவாக இருக்கும், குளிரும் கடுமை. கம்பளித் தொப்பியைப் படத்துக்காகக் கழற்றாதீர்கள்.

தேயிலைக்கு நடுவில் பிள்ளையை நிறுத்தி எடுத்தால் முகம் ஏன் பச்சையாகத் தெரிகிறது?

ஏனென்றால் தேயிலைச் செடி பிள்ளையின் உயரம் இருக்கிறது. பெரியவர்களுக்கு இடுப்பளவு, மூன்று வயதுப் பிள்ளைக்கு அது கழுத்தளவு. நாலாபுறமும் இலையில் பட்ட வெளிச்சம் பச்சையாகத் திரும்பி வந்து தாடையிலும் கன்னத்திலும் படிகிறது. வெயில் எவ்வளவு கடுமையோ பச்சையும் அவ்வளவு.

பிள்ளையைச் செடிக்குள் விடாமல் செம்மண் பாதையில் நிறுத்துங்கள், செம்மண்ணிலிருந்து திரும்பும் வெளிச்சம் முகத்துக்கு இதமான சூடு கொடுக்கும். தேயிலை பின்னால் பத்துப் பதினைந்து அடி தள்ளி இருக்கட்டும். ஒரு வெள்ளை வேட்டியையோ ரிஜிபோம் (தெர்மோகோல்) அட்டையையோ பிள்ளையின் நெஞ்சுக்குக் கீழே, படத்தில் விழாமல் யாராவது பிடித்தால் பச்சை போய்விடும். உரப்பை வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று அதை எடுக்காதீர்கள், பிள்ளை கை பட்டு வாய்க்குப் போகும்.

இன்னும் சில விஷயங்கள் வெளிச்சத்தை விட முக்கியம். செடியைக் குட்டையாகக் கவ்வாத்து வெட்டிய மலையில் பச்சை நிறம் முகத்தில் படியாது, உண்மைதான். ஆனால் வெட்டுப்பட்ட குச்சிகள் நுனி கூராக, சரியாகப் பிள்ளையின் கண் உயரத்தில் நிற்கும். ஓடுகிற பிள்ளையை அங்கே விடவே கூடாது. மருந்து அடித்த மலைக்கும் போகாதீர்கள், எப்போது அடித்தார்கள் என்று கங்காணியிடமோ அங்கே வேலை செய்யும் அக்காமாரிடமோ கேட்டுவிட்டுப் போங்கள். குளவிக்கூடு இருக்கும் மரத்தையும் அவர்கள்தான் காட்டுவார்கள். குளவி கொட்டி உயிர் போன குடும்பங்கள் நம் தோட்டங்களில் இருக்கின்றன, ஒரு படத்துக்காக அந்தப் பக்கம் போக வேண்டாம். மழை பெய்த மறுநாள் புல்லில் உட்கார வைத்தால் அட்டை ஏறும். காலுறையைக் கால்சட்டைக்கு மேலே இழுத்துவிடுங்கள்.

போன் போதுமா, கேமரா வாங்க வேண்டுமா?

போன் போதும். லென்ஸைத் துடைத்துவிட்டு எடுங்கள், பிள்ளையின் விரல் பட்ட எண்ணெய்ப் பசையே பாதிப் படங்களை மங்கச் செய்கிறது. திரையில் முகம் தெரியும் இடத்தை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிக்கொண்டு, பொத்தானை அழுத்தி வரிசையாகப் பல படம் எடுங்கள். பின்புலத்தை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறை ஓடுகிற பிள்ளைக்கு ஒத்துவராது, சுருட்டை முடி ஓரத்தையும் வெட்டிவிடும். அந்தியில் போன் தானாகவே மெதுவாகப் படம் பிடிக்கும், அப்போது உட்கார்ந்திருக்கும் பிள்ளையை மட்டும் எடுங்கள்.

கேமராவில் என்ன அமைப்பு வைப்பது?

முதலில் ஷட்டர் வேகம். உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு 1/250 நொடி, ஓடும் பிள்ளைக்கு 1/500, ஊஞ்சலுக்கு 1/1000. அதற்கு வேண்டிய வெளிச்சம் இல்லையென்றால் ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை) 1600, 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். புள்ளிபுள்ளியாக வந்த படத்தில் பிள்ளை சிரிப்பது தெரியும், அசைந்து கலங்கின படத்தில் ஒன்றுமே தெரியாது. லென்ஸ் திறப்பு எஃப் 2.8லிருந்து 4 வரை. அண்ணனும் தங்கையும் சேர்ந்து நின்றால் 5.6, இல்லையேல் ஒருவர் கலங்குவார். போகஸ் எப்போதும் நமக்குக் கிட்ட இருக்கும் கண்ணில். நிழலில் எடுக்கும்போது வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) மேகமூட்டம் அல்லது நிழல் என்ற குறியில் வைத்தால் நீலம் படியாது.

எந்தக் கருவியானாலும் பிள்ளையின் கண் உயரத்துக்கு இறங்க வேண்டும். முட்டி போட முடியாதவர்களுக்கு மலைநாடு ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. லயத்துக்குப் போகும் கல்படியில் பிள்ளையை மேலே நிறுத்திவிட்டு நீங்கள் மூன்று படி கீழே நின்றால் இரண்டு முகமும் ஒரே மட்டத்தில் வரும். பிள்ளைக்கு அருகில் ஓர் ஆள் நிற்கட்டும், படி வழுக்கும்.

என் மகன் கேமராவைக் கண்டாலே ஓடுகிறான். என்ன செய்வது?

“சிரி, சிரி” என்று சொல்வதை நிறுத்துங்கள். ஏதாவது வேலை கொடுங்கள். கறிவேப்பிலை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லலாம், கோழிக்கு அரிசி போடச் சொல்லலாம். கோச்சி (ரயில்) பாதை தெரியும் வீடு என்றால், “கோச்சி வருது ராசா, எத்தன பெட்டின்னு எண்ணிச் சொல்லு” என்றால் போதும், இஸ்தோப்பு நுனியில் அசையாமல் நின்று வாய் முணுமுணுக்க எண்ணுவான். முகம் வெளியே பார்க்கும், வெளிச்சம் முழுக்க விழும். எண்ணி முடித்துவிட்டு எண்ணிக்கையைச் சொல்ல உங்களைத் திரும்பிப் பார்ப்பானே, அந்த முகத்துக்குத் தயாராக இருங்கள்.

கேமராவை அவன் கையில் ஒருமுறை கொடுங்கள். உங்களை எடுக்கட்டும். அதற்குப் பிறகு பயம் பாதி போய்விடும். கால்மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள், அழுதால் அன்றைக்கு அவ்வளவுதான்.

கைக்குழந்தையை வெளியே எடுக்கலாமா?

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நேர்வெயிலில் காட்டாதீர்கள். மலையில் குளிராக இருப்பதால் வெயில் சுடுவது தெரியாது, ஆனால் ஒவ்வொரு ஆயிரம் மீற்றருக்கும் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வாசல் நிலைக்கு உள்ளே, அம்மாவின் தோளில் சாய்ந்தபடி எடுப்பது போதும். அம்மாவின் முகத்தையும் சேர்த்து எடுங்கள், பெரும்பாலான குடும்ப ஆல்பங்களில் அம்மாவைத்தான் காணோம்.

பவுடர், பொட்டு, புதுச் சட்டை?

பவுடரைத் துடைத்துவிடுங்கள். நேரில் மணக்கும், படத்தில் சாம்பல் திட்டாகத் தெரியும். கண்ணூறு பொட்டு இருக்கட்டும், அந்த வயதின் அடையாளம் அது. புதுச் சட்டை கழுத்தை அறுக்கும் என்றால் பழைய ஸ்வெட்டரே மேல்.

“கொஞ்சம் வெள்ளையாக்கிக் கொடுங்க” என்று கேட்கிறார்கள். செய்யலாமா?

நான் செய்வதில்லை. பிள்ளை வளர்ந்து அந்தப் படத்தைப் பார்க்கும்போது, என் நிறம் என் வீட்டுக்கே பிடிக்கவில்லை என்று அதற்குத் தோன்றக் கூடாது. முகம் இருண்டு வந்தால் அது எடுத்தவர் வெளிச்சத்தைச் சரியாகப் பார்க்காததால். வெளிச்சத்தைக் கூட்டலாம், நிறத்தை மாற்றக் கூடாது. இஸ்தோப்பு வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் கையில் கொடுத்துப் பாருங்கள், கேட்டவர்களே அதற்குப் பிறகு கேட்கமாட்டார்கள்.

அப்பாயி, படம் எடுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்கிறார்.

அவர் சொல்வதைக் கேளுங்கள். எத்தனையோ பிள்ளைகளைக் கண்ணெதிரே பறிகொடுத்த தலைமுறையின் பயம் அது. முப்பது நாள், தொண்ணூறு நாள் கழியட்டும் என்றால் கழியட்டும். அப்புறம் அவர் மடியிலேயே பிள்ளையை வைத்து முதல் படத்தை எடுங்கள்.

தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம், அருவி, இதெல்லாம்?

1921இல் திறந்த பாலம், அழகுதான். ஆனால் பிள்ளையைத் தண்டவாளத்தில் நிறுத்தாதீர்கள், பாலத்தின் ஓரத்திலும் உட்கார வைக்காதீர்கள். எதிர்ச் சரிவில், அம்மா கையைப் பிடித்தபடி. டெவன், சென் கிளேயர் அருவிகளையும் பாதையோரத்துக் காட்சி இடத்திலிருந்தே எடுங்கள், பாறைக்கு இறங்க வேண்டாம்.

சுற்றுலா வந்திருக்கிறோம். தோட்டத்துப் பிள்ளைகளை எடுக்கலாமா?

தாய் தகப்பனைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. பகலில் அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார், பிள்ளையோ தோட்டத்துப் பிள்ளை மடுவத்திலோ (பகல் காப்பகத்திலோ) லயத்து வாசலிலோ இருக்கும். அது தனியாக நிற்பது உங்களுக்கு அனுமதி ஆகாது. டொபி கொடுத்துச் சிரிக்க வைப்பதும் வேண்டாம். மூக்கு ஒழுகுவதையும் கிழிந்த சட்டையையும் தேடிப் பிடித்து எடுப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பிள்ளைக்கும் தலை சீவிக்கொண்டு வர இரண்டு நிமிடம் கொடுங்கள், உங்கள் பிள்ளைக்குக் கொடுப்பீர்கள் அல்லவா? எடுத்த படத்தை அனுப்புவதாகச் சொன்னால் அனுப்புங்கள்.

நம்மவர்களுக்கும் ஒன்று. பாடசாலைச் சின்னம் தெரியும் படத்தையும், குளிக்கிற படத்தையும் பேஸ்புக்கில் போடாதீர்கள். பிள்ளையின் படத்தை யாராவது தவறாகப் பயன்படுத்தினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள்.

லென்ஸில் ஆவி படிகிறது.

வெளிக்குளிரில் இருந்த கேமராவை அடுப்பு எரியும் குசினிக்குள் கொண்டுபோனால் படியும். பையில் போட்டு மூடி, அரைமணி நேரம் கழித்து வெளியே எடுங்கள். அலுமாரிக்குள் வைத்தால் நம் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

பிரின்ட் போட எவ்வளவு தரம் வேண்டும்?

4×6 அங்குலத்துக்கு 1200×1800 பிக்சல், 8×12க்கு 2400×3600. எந்தப் போனிலும் இது கிடைக்கும். கெடுப்பது வாட்ஸ்அப்தான், சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும். ஸ்டூடியோவுக்கு டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொண்டுபோங்கள். நிறத்தில் கைவைக்க வேண்டாம் என்று வாயாலும் சொல்லிவிடுங்கள். பிரின்ட் வந்ததும் பின்பக்கம் பென்சிலால் பெயர், திகதி, எந்தத் தோட்டம் என்று எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறி முன்பக்கம் வரும்.